குளிர்காலத்துக்கு முன் படகின் ஹீட்டிங்கைத் தயார் செய்வது எப்படி?

இங்கிலாந்தின் கால்வாய்களில் புதிதாக நேரோபோட் (ஒடுங்கிய, நீளமான கால்வாய்ப் படகு) வாங்கியவர்கள் அக்டோபர் பிறந்ததும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ரேடியேட்டரில் ஆன்டிஃப்ரீஸ் ஊற்றியிருக்கிறதே, அப்புறம் என்ன கவலை?" ஆன்டிஃப்ரீஸ் என்பது நீரோடு கலந்து அதை உறையாமல் காக்கும் திரவம். ரேடியேட்டருக்குள் ஓடும் நீர்தான் படகிலேயே அதிகப் பாதுகாப்போடு இருக்கும் நீர். மார்ச்சில் திரும்பி வந்து பார்க்கும்போது உடைந்து கிடப்பது பெரும்பாலும் அது அல்ல. சுடுநீரையும் குளிர்நீரையும் கலந்து தரும் ஷவர் மிக்ஸர், தண்ணீர் பம்ப், கேஸ் கீசர், ஏதோ ஒரு மூலையில் இருக்கும் பித்தளை இணைப்பு என்று நல்ல தண்ணீர் போகும் இடங்கள்தான் முதலில் போகும். அதனால் ஹீட்டிங்கைக் காப்பாற்றுவது என்று இறங்கினால் படகில் உள்ள எல்லாத் தண்ணீரையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.

நான் மனதில் வைத்து எழுதுவது வழக்கமான இரும்பு நேரோபோட்டை: டீசல் ஹீட்டர் அல்லது கரி அடுப்பு, மூன்று நான்கு ரேடியேட்டர், ஒரு சுடுநீர்த் தொட்டி. நவம்பர் முதல் மார்ச் வரை ஆளில்லாமல் கட்டிவைக்கப் போகிறீர்கள் என்றும் வைத்துக்கொள்கிறேன். படகிலேயே குடியிருப்பவர்களுக்குத் தேவையானதை இடையில் சொல்கிறேன்.

மூன்று தண்ணீர், மூன்று வழி

ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு தாளில் படம் வரையுங்கள். படகில் மூன்று தனித்தனி நீரோட்டங்கள் இருக்கின்றன.

ஒன்று, ஹீட்டிங் சுற்று. ஹீட்டரில் சூடாகி, ரேடியேட்டர் வழியாகப் போய், திரும்பி வரும் நீர். இதற்கு நீர் ஊற்றவும், சூட்டில் நீர் விரியவும் ஹெடர் டேங்க் என்ற சிறிய தொட்டி இருக்கும். மூடிய சுற்று என்பதால் இதை வடிக்க வேண்டியதில்லை, ஆன்டிஃப்ரீஸ் போட்டால் போதும்.

இரண்டு, இன்ஜினைக் குளிர்விக்கும் சுற்று. நேரோபோட்டில் பெரும்பாலும் கால்வாய் நீரை உள்ளே இழுப்பதில்லை. உடற்பகுதியின் இரும்புத் தகட்டை ஒட்டி ஸ்கின் டேங்க் என்ற ஒரு தட்டையான தொட்டி இருக்கும். இன்ஜினின் சூட்டை அந்தத் தகடு வழியாகக் கால்வாய்க்குக் கொடுத்துவிடும். இதற்கும் ஆன்டிஃப்ரீஸ்தான்.

மூன்று, குடிக்க, குளிக்க, பாத்திரம் கழுவப் போகும் நல்ல தண்ணீர். இதில் இன்ஜின் ஆன்டிஃப்ரீஸைச் சேர்க்கவே கூடாது. இதை வடிக்க வேண்டும்.

மூன்றும் சந்திக்கும் இடம் கலோரிஃபையர் எனப்படும் சுடுநீர்த் தொட்டி. அதற்குள் பாம்புபோல் சுருண்ட குழாய் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஒன்றில் இன்ஜின் நீர், இன்னொன்றில் ஹீட்டர் நீர். வெளியே நல்ல தண்ணீர். ஒன்றையொன்று தொடாமல் சூட்டை மட்டும் மாற்றிக்கொள்ளும். கலோரிஃபையரை வடித்தாலும் சுருள் குழாய்க்குள் இருக்கும் ஆன்டிஃப்ரீஸ் அப்படியே இருக்கும், அதில் தவறில்லை. புதியவர்கள் குழம்புவது இங்கேதான். "ஹீட்டிங்கை வடித்துவிட்டேன்" என்பார்கள், கலோரிஃபையர் நிறைய நல்ல தண்ணீர் நிற்கும்.

உறையும்போது உடைவது எது?

தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பருமன் கூடும் என்பது பள்ளிப்பாடம். ஆனால் குழாய் வெடிப்பது பெரும்பாலும் பனிக்கட்டி இருக்கும் இடத்தில் அல்ல. குழாயின் நடுவில் ஒரு கட்டி உருவாகி அடைத்துக்கொள்கிறது, அந்தப் பக்கம் டேப் மூடியிருக்கிறது. கட்டி வளர வளர இரண்டுக்கும் நடுவில் சிக்கிய நீருக்குப் போக வழியில்லை. அழுத்தம் ஏறி, எது பலவீனமோ அது விட்டுக்கொடுக்கும். பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் விரிந்து தப்பித்துவிடும். பித்தளை இணைப்பு பிடுங்கிக்கொள்ளும், மிக்ஸரின் உடல் மயிரிழையாகக் கீறும், கீசருக்குள் இருக்கும் மெல்லிய செப்புக் குழாய் பிளக்கும். டேப்களைத் திறந்தே வைத்துவிட்டுப் போங்கள் என்று பழைய படகுக்காரர்கள் சொல்வதன் காரணம் இதுதான்: நீருக்கு ஒரு போக்கிடம் வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உறைந்திருக்கும்வரை எதுவும் ஒழுகாது. பனி உருகும் நாளில்தான் தெரியும். அன்றைக்குப் பம்ப்பின் சுவிட்ச் ஆன் நிலையில் இருந்தால், குழாயில் அழுத்தம் குறைந்ததைப் பார்த்து அது தானாக ஓடத் தொடங்கும். முன்பக்கத் தொட்டியில் இருக்கும் சில நூறு லிட்டரையும் அறைக்குள் கொட்டிவிட்டு, பேட்டரியையும் காலி செய்த பிறகுதான் நிற்கும். குளிர்காலம் என்றில்லை, எப்போது படகைவிட்டு இறங்கினாலும் பம்ப் சுவிட்சை அணையுங்கள்.

எந்த இடம் முதலில் உறையும்? கால்வாய் முழுக்க உறைவதில்லை, மேலே மட்டும்தான் பனிக்கட்டி படரும். கீழே உள்ள நீர் பூஜ்ஜியத்துக்கு மேலேயே இருக்கும். ஆகவே நீர்மட்டத்துக்குக் கீழே, தரையை ஒட்டிப் போகும் குழாய்களுக்கு ஆபத்து குறைவு. முன்பக்க லாக்கரில் இருக்கும் பம்ப், கதவோரக் குழாய், வெளிச்சுவரில் பொருத்திய ஷவர், பின்பக்கத் திறந்த தளத்துக்கு அடியில் உள்ள இன்ஜின் பகுதி இவைதான் முன்னணியில் நிற்பவை.

"ஒரு ஹீட்டரை ஓடவிட்டுப் போகலாமே?"

கேட்பதற்கு எளிதாக இருக்கும் வழி இது. ஆளில்லாத படகுக்கு நான் சொல்லவே மாட்டேன். டீசல் ஹீட்டர் பற்றவைக்கும் சில நிமிடங்களில் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். சூரிய ஒளி இல்லாத டிசம்பரில் பேட்டரி ஏறாது. வோல்டேஜ் 10.5 அளவுக்கு விழுந்தால் ஹீட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், அது நடப்பது நிச்சயமாக வருடத்தின் மிகக் குளிரான இரவாக இருக்கும். மரினாவில் (படகுகள் கட்டும் துறையில்) கரை மின்சாரம் இருந்தால் தெர்மோஸ்டாட் வைத்த சிறிய ஹீட்டர் ஈரத்தைக் குறைக்க உதவும், வைக்கலாம். ஆனால் ஈரக்காற்றில் மின்சாரம் டிரிப் ஆகிவிட்டால் ஓடி வந்து போட்டுவிடப் பக்கத்தில் ஆள் வேண்டும். அது கூடுதல் காப்பு மட்டுமே. முதல் காப்பு வடிப்பதும் ஆன்டிஃப்ரீஸும்தான்.

"லண்டன்தானே, அவ்வளவு குளிராதே" என்பதும் அடிக்கடி காதில் விழும். ஆல்பர்ட்டனில் தமிழ்க் கடைகளுக்குச் சற்றுத் தள்ளி ஓடும் கிராண்ட் யூனியன் கால்வாயின் பேடிங்டன் கிளையில் கட்டியிருப்பவருக்கு, வடக்கே ஸ்கிப்டனில் கட்டியிருப்பவரைவிட ஆபத்து குறைவு, உண்மைதான். ஆனால் 2022 டிசம்பர் குளிரில் லண்டன் கால்வாய்களிலும் பனிக்கட்டி படர்ந்தது. 2010 டிசம்பரோ, 1910-க்குப் பிறகான பிரிட்டிஷ் வானிலைப் பதிவுகளிலேயே மிகக் குளிரான டிசம்பர்.

ஹீட்டிங் சுற்று: அளந்து பார்த்துவிட்டு ஊற்றுங்கள்

படகை விற்றவர் "போன வருஷம்தான் மாற்றினேன்" என்று சொல்லியிருப்பார். இருக்கட்டும், நீங்கள் அளந்து பாருங்கள். ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறிய கருவி பெரிய விலை இல்லை. கண்ணாடித் தகட்டில் முதலில் வெறும் தண்ணீர் ஒரு சொட்டு வைத்து, கோடு பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். துடைத்துவிட்டு ஹீட்டிங் நீர் ஒரு சொட்டு. வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் மேலே நீலமும் கீழே வெள்ளையும் தெரியும், இரண்டும் சந்திக்கும் கோடுதான் உறைநிலை. ஆன்டிஃப்ரீஸில் உறையாமல் காக்கும் பொருள் கிளைக்கால், அதில் இரண்டு வகை. எத்திலீன் கிளைக்காலுக்கு ஒரு அளவுகோல், புரோப்பிலீன் கிளைக்காலுக்கு ஒன்று என்று இரண்டு இருக்கும். மாற்றிப் பார்த்தால் தவறான எண்தான் கிடைக்கும்.

சொட்டை ஹெடர் டேங்கிலிருந்து நேராக எடுக்காதீர்கள். அங்கே நீர் தேங்கி நிற்கும், அவ்வப்போது யாரோ மேலே ஊற்றிய வெறும் தண்ணீரும் அங்கேயே கிடக்கும். ஹீட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, ஆறிய பிறகு ஒரு ரேடியேட்டரின் காற்றுத் திருகிலிருந்து எடுங்கள். சொட்டு தெளிவான நிறத்தில் இருந்தால் நல்லது. காபி நிறத்தில் கலங்கி வந்தால், உறைநிலை சரியாக இருந்தாலும் அந்த நீர் போக வேண்டியதுதான். உள்ளே துரு ஆரம்பித்துவிட்டது.

எவ்வளவு அடர்த்தி வேண்டும்? எத்திலீன் கிளைக்கால் கால் பங்கு இருந்தால் மைனஸ் 12 டிகிரி வாக்கில் தாங்கும். மூன்றில் ஒரு பங்கு இருந்தால் மைனஸ் 18 வரை, பாதிக்குப் பாதி என்றால் மைனஸ் 35-ஐயும் தாண்டும். இங்கிலாந்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை மைனஸ் 26.1, 1982 ஜனவரி 10 அன்று ஷ்ராப்ஷயரின் நியூபோர்ட்டில். ஷ்ராப்ஷயர் யூனியன் கால்வாய்க்காரர்களுக்கு அது பக்கத்து ஊர். தெற்கே மூன்றில் ஒரு பங்கு போதும். நடு இங்கிலாந்திலும் வடக்கிலும் 40 முதல் 50 சதவீதம் வைத்தால் நிம்மதி. அதற்கு மேல் போகாதீர்கள். கிளைக்கால் கூடக்கூட நீர் சூட்டைச் சுமப்பது குறையும், தடிப்பாகிப் பம்ப்பும் திணறும். கலக்காத எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13-இலேயே உறைந்துவிடும். நிறைய ஊற்றினால் நிறையப் பாதுகாப்பு என்ற கணக்கு இங்கே செல்லாது.

எத்திலீனா, புரோப்பிலீனா? எத்திலீன் மலிவு, ஓட்டம் சுலபம், ஆனால் விஷம். லேசாக இனிக்கும் என்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து. புரோப்பிலீன் அந்த அளவுக்கு நஞ்சல்ல. படகில் செல்லப்பிராணியோ சிறு குழந்தையோ இருந்தால் யோசிக்காமல் புரோப்பிலீன் வாங்குங்கள். கலோரிஃபையரின் சுருளில் ஓட்டை விழுந்தால் ஹீட்டிங் நீர் குளிக்கும் நீரோடு கலக்க வாய்ப்பு இருப்பதால் எல்லாருக்குமே அதைத்தான் பரிந்துரைப்பேன். சுருளில் ஓட்டை விழுந்ததற்கு ஓர் அடையாளம் உண்டு: ஹெடர் டேங்க் காரணமில்லாமல் நிறைந்து வழியும். நல்ல தண்ணீரின் அழுத்தம் அதிகம் என்பதால் அது ஹீட்டிங் சுற்றுக்குள் தள்ளிக்கொண்டு போகும்.

எதை வாங்கினாலும் துரு தடுப்பான் சேர்ந்ததாக வாங்குங்கள். உறையாமல் காப்பது கிளைக்கால், உலோகத்தைக் காப்பது அந்தத் தடுப்பான். கிளைக்கால் வருடக்கணக்கில் இருக்கும், தடுப்பான் வகையைப் பொறுத்து இரண்டு முதல் ஐந்து வருடத்தில் தீர்ந்துவிடும். இரு வகைகளைக் கலந்தால் சில சமயம் கூழாகிக் குழாயை அடைக்கும். நிறத்தைப் பார்த்து ஒரே வகை என்று நம்பிவிடாதீர்கள், நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உள்ளே இருப்பது என்னவென்றே தெரியாவிட்டால் முழுவதும் வடித்து, நீர் தெளிவாக வரும்வரை அலசிவிட்டுப் புதிதாக நிரப்புவதே சரி.

இனி அளவு. 22 மில்லிமீட்டர் செப்புக் குழாய் மீட்டருக்கு 0.32 லிட்டர் கொள்ளும். போக 10 மீட்டர், வர 10 மீட்டர் என்றால் ஏறக்குறைய ஆறரை லிட்டர். ஒற்றைப் பலகை ரேடியேட்டர் ஒன்றுக்குச் சுமார் 3 லிட்டர், மூன்றுக்கு 9. ஹீட்டர், சுருள், ஹெடர் டேங்க் எல்லாம் சேர்த்து நான்கு. ஆக மொத்தம் 20 லிட்டர் வரும். அளந்தபோது 20 சதவீதம் காட்டியது, உங்களுக்கு 40 வேண்டும் என்று வையுங்கள். வேண்டிய சதவீதத்திலிருந்து இருக்கும் சதவீதத்தைக் கழித்தால் 20. நூறிலிருந்து இருக்கும் சதவீதத்தைக் கழித்தால் 80. முதலாவதை இரண்டாவதால் வகுத்துக் கொள்ளளவால் பெருக்கினால் 5. அதாவது 5 லிட்டரை வடித்து, கலக்காத ஆன்டிஃப்ரீஸ் 5 லிட்டரை ஊற்ற வேண்டும். புதிதாக நிரப்புபவர்கள் கலவையை வாளியிலேயே தயார் செய்துகொள்ளுங்கள். தென்கிழக்கு இங்கிலாந்தின் குழாய்த் தண்ணீர் கடினநீர் என்பதால், உப்பு நீக்கிய தண்ணீரைக் கலப்பது நல்லது.

ஊற்றும்போது அவசரம் வேண்டாம். ஹெடர் டேங்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஹீட்டருக்குப் பக்கத்து ரேடியேட்டரில் தொடங்கிக் கடைசி ரேடியேட்டர் வரை காற்றை எடுத்துக்கொண்டே போங்கள். சீறல் நின்று நீர் வந்ததும் திருகை மூடுங்கள். பிறகு ஹீட்டரை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். களகள என்று சத்தம் வந்தால் உள்ளே காற்று இருக்கிறது. காற்று சிக்கிய ஹீட்டர் சூடு மிஞ்சித் தானாக அணைந்துவிடும், ஹீட்டர் பழுது என்று நினைத்து ஆளைக் கூப்பிட்டுவிடாதீர்கள். ஹெடர் டேங்கை விளிம்புவரை நிரப்பக் கூடாது. சூடானதும் விரிய இடம் வேண்டும்.

கிளைக்கால் கலந்த நீர் வெறும் தண்ணீர் நுழையாத இடுக்கிலும் நுழையும். அதனால் ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே ஒரு வெள்ளை டிஷ்யூ தாளைப் போட்டுவிட்டு மறுநாள் வந்து பாருங்கள். நீலமோ சிவப்போ பொட்டு விழுந்திருந்தால் அங்கே கிளிப்பை அரைச் சுற்று இறுக்க வேண்டும். வடித்த பழைய ஆன்டிஃப்ரீஸைக் கால்வாயில் கொட்டுவது குற்றம். பில்ஜில் (படகின் அடிப்பள்ளத்தில்) கொட்டினாலும் பம்ப் அதைக் கால்வாய்க்குத்தான் அனுப்பும். மூடியிட்ட கேனில் பிடித்து, உள்ளூர்க் கவுன்சிலின் மறுசுழற்சி நிலையத்தில் ஏற்பார்களா என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.

இன்ஜின் சுற்றையும் அதே ரிஃப்ராக்டோமீட்டரால் பாருங்கள். ஸ்கின் டேங்கைக் கணக்கில் சேர்க்காமல் ஊற்றியிருந்தால் அடர்த்தி நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும். அது கொள்ளும் அளவு கொஞ்சநஞ்சமல்ல.

நல்ல தண்ணீரை வடிப்பது

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். அரைகுறையாக வடித்த படகு வடிக்காத படகைப் போலவே உடையும். வரிசை முக்கியம்.

1. கலோரிஃபையருக்குள் இருக்கும் மின்சார இமர்ஷன் ஹீட்டரின் சுவிட்சை அணைத்து, பிளக் இருந்தால் பிடுங்கிவிடுங்கள். தண்ணீரில்லாத தொட்டியில் அது ஓடினால் கருகிவிடும். கீசருக்குப் போகும் கேஸையும் மூடுங்கள். கலோரிஃபையர் ஆறட்டும். அவசரப்பட்டால் கை வெந்துபோகும்.

2. முன்பக்கத் தொட்டியின் ஸ்டாப்காக்கை (நீரை நிறுத்தும் வால்வை) மூடுங்கள். தொட்டியையே காலி செய்ய வேண்டியதில்லை. பெரிய தொட்டி, பெரும்பகுதி நீர்மட்டத்துக்குக் கீழே, அவ்வளவு சுலபத்தில் உறையாது. முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாமல் மேலே விரிய இடம் விட்டால் சரி.

3. டேப்பைத் திறந்து பம்ப்பை ஓடவிட்டு, நீர் நின்றதும் உடனே அணையுங்கள். பிறகு எல்லா டேப்களையும் திறங்கள், சுடுநீர், குளிர்நீர் இரண்டும். ஒற்றைக் கைப்பிடி மிக்ஸரை நடுவில் நிறுத்தினால்தான் இரண்டு வழியும் திறக்கும்.

4. டேப்பைத் திறந்ததால் கலோரிஃபையர் காலியாகிவிடாது. உள்ளே வரும் வழியில் பின்னோக்கி ஓடாதபடி ஒரு வால்வு இருக்கும், வெளியே போகும் வழி தொட்டியின் உச்சியில் இருக்கும். அடியில் உள்ள டிரெயின் வால்வில் குழாய் மாட்டி வடிக்க வேண்டும். அழுத்த வால்வின் குமிழையும் திருப்பிவிட்டால் காற்று புகுந்து வேகமாக இறங்கும். 55 லிட்டர் தொட்டி என்றால் ஐந்தாறு வாளி. நல்ல தண்ணீர்தான், கால்வாயில் விடலாம். டிரெயின் வால்வு எங்கே என்று தெரியாதவர்கள் செப்டம்பரிலேயே தேடிவையுங்கள். கட்டிலுக்கு அடியிலோ அலமாரிப் பலகைக்குப் பின்னாலோ ஒளிந்திருப்பது சாதாரணம்.

5. பம்ப்பின் வடிகட்டிக் கிண்ணத்தைக் கழற்றிக் கொட்டுங்கள். வெளிக்குழாயையும் கழற்றி இரண்டு நொடி ஓடவிட்டால் தலைப்பகுதியில் தங்கிய நீரைத் துப்பிவிடும். பக்கத்தில் அக்யூமுலேட்டர் (அழுத்தத்தைச் சீராக்கும் சிறு கலன்) இருந்தால் அதிலும் நீர் நிற்கும்.

6. ஷவரின் நெகிழ்குழாயைக் கொக்கியிலிருந்து எடுத்து ஷவரின் தரையில் கிடத்துங்கள். தெர்மோஸ்டாட் மிக்ஸர்தான் படகின் மிகப் பலவீனமான உறுப்பு என்பது என் கருத்து. விலையும் அதிகம். அதன் உள்ளே ஸ்பூன் அளவு நீர் தங்கினாலே உடையப் போதும். வெப்ப அளவை நடுவில் வைத்து, ஓட்டத்தை முழுதாகத் திறந்து, காற்று ஊதி வெளியேற்றுங்கள்.

7. கேஸ் கீசரின் அடியில் வடிக்கும் திருகு இருக்கும். மோர்கோ போன்ற உடனடிக் கீசர்களில் உள்ளே உள்ள செப்புச் சுருள் பிளந்தால் கீசரையே மாற்ற நேரும். திருகைக் கழற்றி, கீசரின் மேலேயே ஒட்டிவைத்துவிடுங்கள், வசந்தத்தில் தேட வேண்டாம்.

8. தண்ணீர் வடிகட்டியின் கூடு, வாஷிங் மெஷினின் குழாய், கழிப்பறையின் ஃபிளஷ் தொட்டி, ஷவர் கழிவுநீர்ப் பம்ப். இவை நான்கும் மறந்துபோகும் பட்டியலில் எப்போதும் முதலிடத்தில் இருப்பவை.

கடைசியில் சிறிய கம்ப்ரஸர் இருந்தால் ஒவ்வொரு டேப்பாகக் காற்றடித்து மிச்சத்தை வெளியேற்றலாம். 2 பார் அழுத்தத்துக்கு மேல் போக வேண்டாம், படகின் குழாய் இணைப்புகள் அதற்கு மேல் பழகியவை அல்ல. வளைந்து தொங்கும் கழிவுக் குழாய்களில் கேரவான்களுக்கென்று விற்கும், நச்சில்லாத புரோப்பிலீன் ஆன்டிஃப்ரீஸ் ஒரு கப் ஊற்றுங்கள். டேப்கள் திறந்தபடியே இருக்கட்டும். பம்ப் சுவிட்சின் மேல் ஒரு துண்டுத் தாள் ஒட்டி "வடித்தாயிற்று" என்று எழுதிவையுங்கள். வீட்டில் வேறு யாராவது படகுக்கு வந்து பழக்கத்தில் சுவிட்சைத் தட்டக்கூடும்.

கரி அடுப்பில் பேக் பாய்லர் இருந்தால்

கரி அடுப்பின் முதுகில் நீர்ப்பெட்டி வைத்து ரேடியேட்டருக்குச் சூடு அனுப்பும் படகுகள் நிறைய. இதில் விளையாட்டுக்கே இடமில்லை. பாய்லரிலோ அதன் குழாய்களிலோ நீர் உறைந்திருக்கும்போது அடுப்பைப் பற்றவைத்தால், நீராவிக்கு வெளியேற வழி இல்லாமல் பாய்லர் வெடிக்கும். ஆளைக் கொல்லும் வெடிப்பு அது. வடித்துக் காலியான பாய்லரோடு பற்றவைப்பதும் கூடாது. காய்ந்த இரும்பு பிளந்துபோகும். குளிர்ந்த படகுக்கு வந்ததும் கை முதலில் தீப்பெட்டிக்குத்தான் போகும், அதனால் வடித்திருந்தால் அடுப்புக் கதவில் ஒரு சீட்டைக் கட்டிவிடுங்கள். இந்தச் சுற்றில் பெரும்பாலும் பம்ப் இல்லாமல் சூட்டின் போக்கிலேயே நீர் ஓடும் என்பதால் ஆன்டிஃப்ரீஸ் சீராகக் கலக்க நேரம் எடுக்கும். ஊற்றிய பிறகு ஓரிரு மாலை அடுப்பை எரியவிட்டுவிட்டு அளந்து பாருங்கள்.

ஹீட்டரையும் மறக்காதீர்கள்

வெபாஸ்டோ, எபர்ஸ்பேக்கர் போன்ற டீசல் ஹீட்டர்கள் சும்மா கிடப்பதை விரும்புவதில்லை. மாதம் ஒருமுறை வந்து, அரை மணி நேரமாவது முழு வேகத்தில் ஓடவிடுங்கள். எரியறையில் படிந்த கரி எரிந்துபோகும், எரிபொருள் பம்ப்பும் இறுகாது. கலோரிஃபையர் காலியாக இருந்தாலும் இதனால் கேடில்லை. டீசல் தொட்டியை நிரப்பி வையுங்கள். காலியிடம் இருந்தால் உள்சுவரில் ஈரம் வியர்த்துச் சொட்டி டீசலோடு சேரும், அதில் கிருமியும் வளரும். கோடையில் வாங்கிய டீசல் கடுங்குளிரில் மெழுகாகித் திரிந்து வடிகட்டியை அடைக்கலாம், ஆகவே குளிர்காலத் தரம் விற்பனைக்கு வந்த பிறகு நிரப்புவது நல்லது. கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பொத்தானை அழுத்திப் பாருங்கள். தங்கும் அறை உள்ள படகுகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து போட் சேஃப்டி ஸ்கீம் என்ற படகுப் பாதுகாப்புத் திட்டத்தில் இந்த அலாரம் கட்டாயம்.

படகிலேயே குடியிருப்பவர்களுக்கு

நீங்கள் வடிக்க முடியாது, ஆனால் வெளியூர் போகும் இரண்டு நாளில்தான் ஆபத்து. கிறிஸ்துமஸுக்கு உறவினர் வீட்டுக்குப் போவதென்றால் மேலே சொன்ன 1, 2, 3, 5, 6 படிகளையும், கீசர் இருந்தால் 7-ஐயும் மட்டும் செய்யுங்கள், அரை மணி நேர வேலை. கலோரிஃபையருக்கு நல்ல வெப்பக் காப்பு போட்டிருந்தால் இரண்டு நாள் தாங்கும். இருக்கும் நாட்களில் சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவுகளை இரவில் திறந்து வையுங்கள், அறைச் சூடு உள்ளே போகும். கரையோரத் தண்ணீர்க் குழாய்களும் உறையும் என்பதால் முன்னறிவிப்பைப் பார்த்துத் தொட்டியை நிரப்பி, இரண்டு கேனையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள். கால்வாயே உறைந்துவிட்டால் படகை நகர்த்த நினைக்காதீர்கள். பனிக்கட்டி உங்கள் படகின் பெயின்ட்டை உரிக்கும், பக்கத்தில் ஃபைபர் படகு இருந்தால் அதன் உடலையே வெட்டிவிடும்.

ஏற்கெனவே உறைந்துவிட்டதா?

பம்ப்பை அணையுங்கள், டேப்பைத் திறங்கள், அடுப்பில் பேக் பாய்லர் இருந்தால் அதைத் தொடாதீர்கள். திறந்த டேப்பின் பக்கமிருந்து பின்னோக்கி மெதுவாகச் சூடாக்குங்கள். ஹேர் டிரையர், வெந்நீர் பாட்டில், சுடுநீரில் நனைத்த துணி போதும். புளோ டார்ச் வேண்டாம். பலகைக்குப் பின்னால் இருக்கும் நுரைக் காப்பு தீப்பிடித்தால் குறுகிய படகில் தப்புவது கடினம். உருகியதும் பம்ப்பை நேராகப் போட்டுவிட வேண்டாம். ஒருவர் சுவிட்சருகே நிற்க, இன்னொருவர் டார்ச் லைட்டோடு குழாய்களைப் பார்த்துக்கொண்டே வர, சில நொடிகள் மட்டும் போட்டு அணைத்துப் பாருங்கள்.

மார்ச்சில் திறக்கும்போது

வடித்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால் போதும். எல்லா டிரெயின் வால்வுகளையும் மூடி, கீசரின் திருகை மாட்டி, டேப்களை மூடிவிட்டு ஸ்டாப்காக்கைத் திறங்கள். பம்ப்பைப் போட்டு, முதலில் குளிர்நீர் டேப்களை ஒவ்வொன்றாகத் திறந்து காற்றைப் போக்குங்கள். அதன் பிறகு சுடுநீர். எல்லா டேப்களும் மூடியிருக்கும்போது பம்ப் நின்றே இருக்க வேண்டும். அவ்வப்போது ஒரு நொடி துடித்தால் எங்கோ கசிகிறது, ஷவரில் தொடங்கித் தேடுங்கள். கலோரிஃபையர் நிறைந்து, சுடுநீர் டேப்பில் காற்றில்லாமல் சீராக நீர் வரும்வரை இமர்ஷன் ஹீட்டரின் சுவிட்சைத் தொட வேண்டாம்.